தலைமை நாற்காலி கைமாறியபோது: செட்டிநாட்டு மென்பொருள் நிறுவனமொன்றின் நிகழ்வு ஆய்வு

சிறு நகரங்களில் மென்பொருள் நிறுவனம் தொடங்கி, இருபது ஆண்டுகளாகத் தாங்களே தலைமை ஏற்று நடத்திவருபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். காரைக்குடி வட்டாரத்தில் உள்ள ஒரு நிறுவனத்தில் 2023 முதல் நடந்த தலைமை மாற்றம் பற்றிய பதிவு இது. வெளி ஆலோசகராக அந்தக் காலம் முழுவதும் உடனிருந்தேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்ததால் எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

நிறுவனர் 1968-இல் பிறந்தவர். பாட்டனார் பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தார். 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் கடையையும் வயல்களையும் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். அடுத்த தலைமுறையில் வீடு பெரிதாகவும் வருமானம் சிறிதாகவும் இருந்தது. காரைக்குடியிலேயே அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி இருந்ததால்தான் தன்னால் படிக்க முடிந்தது என்று நிறுவனர் பலமுறை சொல்லியிருக்கிறார். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். டெல்லியிலோ பம்பாயிலோ அமைந்திருக்கக்கூடிய ஒன்று இங்கே அமைந்தது. நிறுவனருடைய பிடிவாதத்துக்கு வேர் அதுதான் என்பது என் கணிப்பு. வேலை ஊரைத் தேடி வரவேண்டும், ஊர்ப்பிள்ளைகள் வேலையைத் தேடிப் போகக் கூடாது என்பதில் அவர் கடைசிவரை அசையவில்லை.

படிப்பு முடிந்து சில ஆண்டுகள் பெங்களூரு. பிறகு 2000-ஆம் ஆண்டு கணினிச் சிக்கலுக்கு (Y2K) ஆள் தேவைப்பட்ட அலையில் அமெரிக்கா. 2001 சரிவுக்குப் பின் ஊர் திரும்பி, 2003-இல் பூர்வீக வீட்டின் முகப்பில் நான்கு பேருடன் தொடங்கினார். நகைக்கடன் கொடுக்கும் சிறு நிதி நிறுவனங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கணக்கு மென்பொருள் செய்வது தொழில். கடன் கொடுத்து வாங்கிய குடும்பத்தில் வளர்ந்தவர் என்பதால் நாள் வட்டி, மாத வட்டி, தவணை தாண்டிய வட்டி என ஒவ்வொரு கடைக்காரரும் கணக்கிடும் விதம் அவருக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். வட்டி கணக்கிடும் நிரலை முழுக்க அவரே எழுதினார். நிறுவனத்தின் உயிர் அதில்தான் இருந்தது.

நான் உள்ளே வந்தபோது நூறு பேருக்கு மேல் வேலை செய்தார்கள். பெரும்பாலானோர் தேவகோட்டை, கோனாபட்டு, கானாடுகாத்தான் பக்கத்துப் பிள்ளைகள். முகப்பில் வரவேற்பும் நிறுவனரின் மேசையும். பெரிய கூடமான பட்டாசாலையிலும், வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றிய அறைகளிலும் பொறியாளர்கள். இரண்டாங்கட்டில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு. வீடு அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. பங்காளிகள் பலருக்கும் பங்கு உண்டு. வாடகை, பராமரிப்பு, விசேஷங்களுக்கு எத்தனை நாள் ஒழித்துத் தரவேண்டும் என்பதெல்லாம் வாய்ப்பேச்சாகவே முடிவாகியிருந்தன.

இந்த நிறுவனத்தின் வரலாற்றை ஊழியர்கள் நெருக்கடிகளாகத்தான் சொல்வார்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, மறுநாள் கடை திறப்பதற்குள் ரசீதுத் திரையை மாற்றிக் கொடுத்தவர் நிறுவனர். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோதும் அவரேதான். 2020 மார்ச் இறுதியில் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்து, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அந்த ஆறு மாதத்துக்குத் தகுதியுள்ள கடன்களில் வட்டிக்கு வட்டியைக் கழித்து, வித்தியாசத்தைக் கடன்தாரர் கணக்கில் வரவு வைக்கும்படி அக்டோபரில் உத்தரவு வந்தது. பழைய கணக்குகளைத் திரும்பத் திறந்து கூட்டு வட்டியையும் தனி வட்டியையும் ஒப்பிட வேண்டிய வேலை. ஊரடங்கில் வீட்டில் தனியாக உட்கார்ந்து அதை முடித்தவரும் அவரே.

பெருமைப்பட வேண்டிய கதைகள்தாம். ஆனால் ஒவ்வொரு முறை அவர் கைகொடுத்தபோதும், அடுத்த முறையும் அவரையே எதிர்பார்க்கும் பழக்கம் நிறுவனத்துக்குள் இறுகியது.

எது தூண்டியது

2023 ஆகஸ்டில் சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமுன் பாதுகாப்புக் கேள்விப் படிவம் ஒன்றை அனுப்பினார். ஒரு பக்கத்தில் சில பொறுப்புகளைக் குறிப்பிட்டு, அவற்றைப் பார்ப்பவர் யார், அவர் முப்பது நாள் இல்லாவிட்டால் பார்ப்பவர் யார் என்று கேட்டிருந்தார்கள். முதல் பத்தியில் ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் நிறுவனரின் பெயர் வந்தது. இரண்டாம் பத்தியில் எழுதப் பெயர் இல்லை. நிறுவனர் அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் எனக்கு அழைப்பு வந்தது.

வாடிக்கையாளரைச் சமாளிக்கப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று கேட்க அழைக்கவில்லை. தனக்கு ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, இந்தக் கட்டங்களை உண்மையாகவே நிரப்ப வேண்டும் என்றார். பல நிறுவனர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இந்தக் கேள்விக்கு வருகிறார்கள். இவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே வந்தார். பின்னால் நடந்தவை பெரும்பாலும் நல்லபடியாக முடிந்ததற்கு அதுவே முதல் காரணம்.

கவனித்தவை

மூன்று மாதம் முகப்பிலும் பட்டாசாலையிலும் உட்கார்ந்து, யார் எதற்காக நிறுவனரிடம் வருகிறார்கள் என்று குறித்தேன். தொழில்நுட்பக் கேள்விகள் நினைத்ததைவிடக் குறைவு. வந்தவற்றில் பெரும்பகுதி அனுமதி கேட்பது: இந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு தள்ளுபடி, இவருக்கு விடுப்பு உண்டா, அந்தப் பழைய கடைக்காரரின் பாக்கியைக் கேட்கலாமா. பொறியாளர்களுக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்வதற்கு உரிமை இல்லை என்று நினைத்தார்கள்.

உள்ளபடி சோதித்துப் பார்க்கத் தைப்பூசம் வசதியாக அமைந்தது. நகரத்தார் காவடிக் கூட்டம் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து போவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். நிறுவனருக்கு நீண்ட நாள் வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. 2024 ஜனவரியில் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்தார். அவசரம் என்றால் யாத்திரையில் உடன் வரும் உறவினர் ஒருவருக்குச் செய்தி சொல்லலாம் என்று மட்டும் ஏற்பாடு. அந்தச் செய்தியை அனுப்பும் தேவை வரவில்லை. அதனால் எல்லாம் சரியாக ஓடியது என்று ஆகிவிடாது.

முதலில் தடுமாறியது வரிக் கணக்கு. மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கை 20-ஆம் தேதிக்குள் சமர்ப்பிக்க நிறுவனரின் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது இருந்த சாதனம் அவர் மேசை இழுப்பறையில். கடவுச்சொல் அவர் மனத்தில். கையொப்பம் ஆளுக்குரியது, இன்னொருவர் கையில் கொடுப்பதே முறையல்ல. இரண்டாவது அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். கணக்குத் தாமதமாகப் போனது, தாமதக் கட்டணம் கட்டினார்கள். அதே வாரம் மேகச் சேவையின் (கிளவுட்) முதன்மைக் கணக்குக்குள் நுழைய வேண்டியிருந்தது. ஓடிபி அவர் கைபேசிக்கு வந்தது. நிறுவனத்தின் இணைய முகவரியோ 2003-இல் அவர் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்ததாகவே இன்னும் இருந்தது.

வட்டி நிரலில் ஒரு பிழையும் அந்த நாட்களில்தான் வந்தது. மாதக் கடைசியில் வைத்த நகைக்கு ஒரு நாள் வட்டி கூடுதலாக விழுகிறது என்று ஒரு நிதி நிறுவனம் புகார் சொன்னது. யாரும் தொட்டிராத நிரலை உதவிப் பிரிவின் தலைவியும் இரண்டு பொறியாளர்களும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்கள். மூன்றாம் நாள் காரணம் பிடிபட்டது. மாற்றத்தைப் பழைய கணக்குகளோடு சரிபார்த்த பிறகே வெளியிட்டார்கள். நிறுவனர் செய்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார். ஆனாலும் அந்த மூன்று நாட்களுக்கு ஈடான லாபம் அந்த ஆண்டு நிறுவனத்துக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை என்பேன். இனி அந்த நிரல் தெரிந்தவர்கள் நான்கு பேர்.

கனமான விஷயம் வேறு. நிறுவனர் இல்லாத நாட்களில் வாடிக்கையாளர்கள் சிலர் ஆண்டுக் கட்டணம் கட்ட மறுத்தார்கள். “முதலாளி எங்களுக்கு இந்த வருஷம் பாதிதான்னு சொல்லியிருக்காரு” என்பது ஒருவர் சொன்னது. இன்னொருவருக்குப் புதிய கிளைக்கு இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். விசாரிக்க விசாரிக்க ஊழியர்களிடமிருந்தும் வந்தது. ஒருவரின் தங்கைக்கு வேலை, ஒருவருக்கு வீடு கட்ட முன்பணம், கோயில் திருப்பணிக்கு நிறுவனத்தின் பெயரில் ஒரு தொகை. எல்லாம் அவர் நல்ல மனத்தோடு சொன்னவை, நிறைவேற்றவும் எண்ணியவை. ஆனால் ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. ஐந்தொகையில் (சொத்து, கடன் நிலைக் கணக்கில்) ஏறாத கடன்கள் அவை.

எடுத்த முடிவுகள்

அடுத்த தலைமைச் செயல் அதிகாரியாக யார் என்பதில் மூன்று வழிகளைப் பார்த்தோம். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து அனுபவசாலி ஒருவரைக் கொண்டுவருவது முதல் வழி. இரண்டு பேரைச் சந்தித்தோம். திறமையானவர்கள். ஆனால் இருவருமே அலுவலகத்தை நகரத்துக்கு மாற்றுவதைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். நிறுவனரின் மகள் வெளிநாட்டில் மென்பொருள் துறையில் இருக்கிறார். “பங்கு எனக்கு வேணும் அப்பா, நாற்காலி வேண்டாம். எனக்கு இந்தத் தொழில் தெரியாது” என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தத் தெளிவுக்கு நன்றி சொல்ல வேண்டும். குடும்ப நிறுவனங்களில் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்காமலே ஆண்டுகள் கழிவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, உதவிப் பிரிவின் தலைவி. 2007-இல் தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலைக்குச் சேர்ந்தவர். வாடிக்கையாளர் எல்லோரையும் குரலிலேயே அறிவார். வட்டிப் பிழையை உட்கார்ந்து தீர்த்த மூவரில் ஒருவர். ஆங்கிலத்தில் தயக்கம் உண்டு, பெரிய விற்பனைப் பேச்சில் பழக்கமில்லை. நிறுவனருக்கு அதில் கவலை இருந்தது. குறை பழகினால் தீரும், இவரிடம் இருப்பதைப் பழக்கிக் கொடுக்க முடியாது என்பது என் வாதம். இயக்குநர் குழு அதை ஏற்றது.

எந்த நிபந்தனைகளில் என்பதற்கு விடை வீட்டிலேயே கிடைத்தது. பாட்டனார் காலத்துப் பெட்டியில் ஏஜெண்டு ஒருவருக்கு எழுதிக் கொடுத்த சம்பளச் சீட்டு இருந்தது. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30-இல் ஆராய்ந்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. பல கடைகளின் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த இடத்தில் மேலாள் என்னும் ஏஜெண்டு கடை நடத்துவார், அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளுக்குத் தவணை மூன்று ஆண்டு. சம்பளமும் லாபத்தில் பங்கும் எழுத்தில் இருக்கும். தவணை முடிந்தால் வருகிறவரிடம் பேரேட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும் ஆள், தொகை, பேச்சு எல்லாம் கைமாறும். கடிதம் போய்ச் சேர நாள்கணக்கில் ஆகும் தூரத்தில் இருந்த முதலாளி அன்றாட முடிவில் தலையிட முடியாது. அதனால் அதிகாரத்தை முழுதாகக் கொடுத்து, கணக்கை முழுதாகக் கேட்டார்கள். நிறுவனர் அந்தச் சீட்டை இயக்குநர் குழுக் கூட்டத்துக்கே எடுத்து வந்தார். அதன்பிறகு விவாதம் சுருங்கிவிட்டது.

முடிவானவை இவை. ஓராண்டு இருவரும் சேர்ந்து பொறுப்பு வகிப்பது. 2025 ஏப்ரல் 1 முதல் அவர் நிர்வாக இயக்குநராகவும் தலைமைச் செயல் அதிகாரியாகவும் மூன்று ஆண்டு இருப்பது (நிறுவனச் சட்டம் ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டு வரை அனுமதிக்கிறது). சம்பளத்தோடு லாபத்தில் பங்கு. நிறுவனர் குழுத் தலைவராக மட்டும் இருப்பார். மாதம் ஒரு கூட்டம், கருத்து வேறுபாடு இருந்தால் அங்கே மட்டும். வங்கி, வரி, இணைய முகவரி, மேகச் சேவை அனைத்திலும் இரண்டு பேர், தனி மனிதரின் கைபேசி எண் எங்கும் கூடாது. வாய்ச்சொல்லாகக் கொடுத்த வாக்குகள் அனைத்தையும் நிறுவனர் நினைவுகூர்ந்து எழுதித் தருவது. அவற்றில் எதை நிறுவனம் ஏற்கிறது, எதை அவர் சொந்தப் பணத்தில் நிறைவேற்றுகிறார் என்று பிரிப்பது.

பின்பு நடந்தவை

வாக்குப் பட்டியல் தயாராகப் பல மாதம் பிடித்தது. நினைவு வர வர நிறுவனர் சேர்த்துக்கொண்டே போனார். பழைய வாடிக்கையாளர்களை இருவரும் சேர்ந்து நேரில் போய்ப் பார்த்தார்கள். தள்ளுபடியை எழுத்தில் போட்டு, எந்த ஆண்டோடு முடியும் என்பதையும் எழுதினார்கள். பெரும்பாலோர் ஏற்றார்கள். ஒருவர் “உங்களோட பேசினது, இவங்களோட இல்ல” என்று விலகிப் போனார். திருப்பணிப் பணத்தை நிறுவனர் தன் கையிலிருந்து கொடுத்தார். ஊழியருக்குச் சொன்ன முன்பணங்களை நிறுவனம் ஏற்றது.

2025 ஜனவரியில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகித் தலைமை விஞ்ஞானி ஆனார் என்ற செய்தி வந்தது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உலக நிறுவனம் நடத்தியவர் என்பதால் இங்குள்ள பிள்ளைகளுக்கு அவர்மேல் தனி மதிப்பு. பட்டாசாலையில் அன்று முழுக்க அதே பேச்சு. நிறுவனருக்கு அது ஆறுதலாக இருந்தது. நிரல் எழுதுவதற்குத் திரும்புவது இறக்கம் அல்ல என்று அவருக்குத் தோன்றியது. பில் கேட்ஸும் மைக்ரோசாஃப்டில் 2000-இல் தலைமைப் பொறுப்பை ஒப்படைத்த பிறகு தலைமை மென்பொருள் வடிவமைப்பாளராகப் பல ஆண்டு அங்கேயே இருந்தார்.

ஆனால் அங்கேயே இருப்பதில்தான் சிக்கல் வந்தது. ஏப்ரலில் பொறுப்பு மாறிய பிறகும் நிறுவனர் காலை ஒன்பது மணிக்கு முகப்பில் அதே மேசையில் உட்கார்ந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். ஜூன் மாதம், பழைய கணினியில் தனியாக நிறுவி ஓடும் பதிப்பை நிறுத்தப்போவதாகப் புதிய தலைவி அறிவித்தார். பராமரிப்புச் செலவு வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. அன்று மாலை மூத்த பொறியாளர் ஒருவர் முகப்பில் நின்று வருத்தப்பட, “பார்க்கலாம்ப்பா, அவசரமில்ல” என்றார் நிறுவனர். ஆறுதலுக்குச் சொன்ன சொல். மறுநாள் பாதிப் பேர் அறிவிப்பு ரத்தாகிவிட்டது என்று நினைத்து வேலை செய்தார்கள்.

புதிய தலைவி அவரிடம் நேராகப் போய்ச் சொன்னார்: “அண்ணே, நீங்க முகப்புல உக்காந்திருக்கிற வரைக்கும் என்கிட்ட யாரும் வந்து கேக்க மாட்டாங்க. எனக்கு மரியாதை வேணும்னு சொல்லல. வேலை நடக்கணும்.” பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில் அவர் இப்படிப் பேசியது அதுவே முதல்முறை. நிறுவனர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் அலுவலகம் வரவில்லை. மூன்றாம் நாள் மேசையைத் தெரு தாண்டி உறவினர் வீட்டு அறைக்கு மாற்றச் சொன்னார். பழைய பதிப்பை நிறுத்தும் முடிவு தன் முடிவும் ஆகும் என்று தன் கைப்பட எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். இந்த மாற்றத்தில் கடினமான காரியத்தைச் செய்தது யார் என்று கேட்டால், இந்த இடத்தைத்தான் இருவர் பெயரிலும் காட்டுவேன்.

மூத்தவர்கள் இருவர் அந்த ஆண்டு விலகினார்கள். வீட்டு விஷயமும் அப்போதுதான் தலைதூக்கியது. பங்காளிகள் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காக வளவைச் சில நாள் கேட்டார்கள். முன்பெல்லாம் நிறுவனர் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். வெளியாளான தலைவி யாரிடம் பேசுவது, எந்த உரிமையில் பேசுவது? ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லி அந்த நாட்கள் கழிந்தன. பிறகு பங்காளிகளோடு எழுத்து மூலம் குத்தகை போடப்பட்டது. விசேஷ நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துத் தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

சிங்கப்பூர் வாடிக்கையாளரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அந்தப் படிவத்தின் இரண்டு பத்திகளிலும் இப்போது பெயர்கள் இருக்கின்றன. நிறுவனரின் பெயர் ஒரே இடத்தில், வட்டி நிரலுக்கு இரண்டாவது ஆளாக. காலை வேளைகளில் அந்த நிரலின் ஒவ்வொரு விதியும் எந்தக் கடைக்காரரின் வழக்கத்திலிருந்து வந்தது, எந்த உத்தரவுக்காக மாறியது என்று தமிழில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

வாக்குப் பட்டியலை முதலில் எடுக்க வேண்டும். கடவுச்சொல்லும் கையொப்பமும் சில வாரங்களில் சரிசெய்யக் கூடியவை. சொன்ன சொற்களைத் திரட்ட நிறுவனரின் நினைவும் வாடிக்கையாளரின் நினைவும் ஒத்துப்போக வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். சேர்ந்து பொறுப்பு வகிக்கும் காலத்துக்கு ஓராண்டு அதிகம், ஆறு மாதம் போதும். பின்பாதியில் ஊழியர்கள் இருவரிடமும் தனித்தனியே கேட்டு, பிடித்த பதிலை எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். நிறுவனரின் இருக்கையைப் பொறுப்பு மாறும் நாளன்றே மாற்றிவிட வேண்டும். பூர்வீக வீட்டில் நடக்கும் நிறுவனங்களுக்கு இன்னொன்று: குத்தகையை எழுத்தில் போடாமல் தலைமையை வெளியாளிடம் ஒப்படைக்கக் கூடாது.

இப்போதைய தவணை 2028 மார்ச் 31-இல் முடிகிறது. நீட்டிப்பதா, வேறொருவரா என்பதை 2027 டிசம்பருக்குள் முடிவுசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. தலைவிக்கு அடுத்தாள் இன்னும் தேர்வாகவில்லை. இரண்டு பெயர்கள் பரிசீலனையில் இருக்கின்றன, அடுத்த தைப்பூசத்துக்கு விடுப்பில் போகப்போவது தலைவி.